பம்பலப்பிட்டிக் கரையில் ஒரு பிடி "யூரியா"

பம்பலப்பிட்டிப் புகையிரத நிலையத்தில் இறங்கும்போது முதலில் முகத்தில் அடிப்பது கடற்காற்றுத்தான். மேடைக்கு அந்தப் பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் அடுக்கிய கருங்கற்கள், அதற்கும் அப்பால் அலை. என்னோடு வன்னியிலிருந்து வந்த ஆறு பெண்களும் பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் கடல் அறியாதவர்கள் அல்லர். முல்லைத்தீவுக் கடலை, பார்க்க விரும்பாத ஒரு காலத்திலும் பார்த்தவர்கள். "எங்கட கடலுக்கு மணல் கிடக்கு. இதுக்குக் கல்லுத்தான் கிடக்கு" என்றார் எங்களில் மூத்தவரான அக்கா. அவருடைய பெயரை எழுதவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அவர் அக்காதான்.

நாங்கள் வந்தது 2025 ஓகஸ்ட்டில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த மண்டபத்தில் நடந்த இரண்டு நாள் விற்பனைக் கண்காட்சிக்கு. மிளகாய்த்தூள், உழுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை, ஒடியல் மா, பனங்கட்டி எல்லாம் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்திருந்தோம்.

பம்பலப்பிட்டி எங்கள் ஆட்களுக்குப் புதிய இடம் அல்ல. ஒரு காலத்தில் இங்கே பம்பளிமாசு மரங்கள் நின்றதால் அந்தப் பெயர் வந்ததென்று கதை சொல்வார்கள். இப்போது அந்த மரம் ஒன்றையும் நான் காணவில்லை. காலி வீதியில் கதிரேசன் கோயில்கள், உள்ளே போனால் சரஸ்வதி மண்டபம், இந்துக் கல்லூரி, பக்கத்துப் பக்கமாக உயர்ந்து நிற்கும் மாடிக் குடியிருப்புகள். ஆடிவேல் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து வேல் இங்கேதான் வந்து தங்கிப் போகும். யுத்த காலத்தில் வெளிநாடு போகவும், வைத்தியம் பார்க்கவும், பிடிபட்ட பிள்ளையைத் தேடவும் வந்தவர்கள் இங்கேயும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியது பலருக்கு நினைவிருக்கும். எங்களோடு வந்த ஒருவர் அந்த பஸ்ஸில் இருந்தவர். காலி வீதியைக் கடக்கும்போது அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாகனத்துக்குப் பயந்தா, வேறு எதற்குமா என்று நான் கேட்கவில்லை.

மதியம் சாப்பாட்டுப் பார்சல் எடுத்தோம். ஏழு பேருக்கு ஏழு பார்சல். அக்கா தன்னுடையதைப் பிரித்தார். உள்ளே ஒரு மெல்லிய தாள். சோறு அதில். பருப்பு ஒரு சின்னப் பையில், குழம்பு இன்னொன்றில். எல்லாவற்றையும் காவி வந்தது ஒரு சொப்பிங் பை. சாப்பிட்டு முடிந்ததும் அக்கா எல்லாவற்றையும் வழித்து ஒன்றுசேர்த்து எண்ணினார்.

"இருபத்திரண்டு. ஏழு பேர் ஒரு நேரம் சாப்பிட இருபத்திரண்டு துண்டு."

"இந்தத் தாள் உக்குமாம் அக்கா. கடைக்காரர் சொன்னவர்."

"எத்தினை வருசத்திலயாம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. லஞ்ச் சீற்றுக்கும், ரெஜிபோம் பெட்டிக்கும், 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனுக்கும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை வந்துவிட்டது. எட்டு வருடத்துக்குப் பிறகும் பார்சல் தாளில்தான் வந்தது. அது உண்மையில் உக்கும் தாளா, பெயருக்கு உக்கும் தாளா என்பதை எங்களைப் போன்றவர்கள் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

பின்னேரம் வியாபாரம் ஓய்ந்தபின் கடற்கரைக்குப் போனோம். தென்மேல் காற்று அடிக்கிற மாதம். கற்களுக்கு இடையில் கடல் கொண்டுவந்து திணித்தவை எல்லாம் கிடந்தன: போத்தல் மூடி, ஒற்றைச் செருப்பு, பல் தீட்டும் பிரஷ், யோகட் கரண்டி, நைலோன் கயிறு, சஷே பைக்கற்றுகள். அக்கா குனிந்து இரண்டு கற்களுக்கிடையில் இருந்த கொஞ்ச மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். விரலால் கிளறினார். வெள்ளையாகச் சில குருணிகள். சவ்வரிசியை விடக் கொஞ்சம் பெரியவை.

"பிள்ளை, இங்க பார். கடற்கரையில ஆர் யூரியா போட்டது?"

எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் அது யூரியாவைப் போலத்தான் இருந்தது. அக்கா ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். நான் தடுப்பதற்குள் துப்பியும் விட்டார். "கரையுதுமில்லை, உடையுதுமில்லை."

அது யூரியா அல்ல. 2021 மே 20 ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பலில் தீ பிடித்தது. 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. நைத்திரிக் அமிலமும் இருந்தது. பிளாஸ்ரிக் பொருள்கள் செய்வதற்கு மூலப்பொருளாகப் போகும் இந்தக் குருணிகள் மட்டும் சுமார் 1,680 தொன். ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை, உலகில் கடலில் ஒரே தடவையில் கொட்டிய ஆகப் பெரிய பிளாஸ்ரிக் குருணிக் கொட்டல் இதுவென்றது. நீர்கொழும்பிலிருந்து தெற்கே கரை முழுக்க வெள்ளையாக ஒதுங்கியது. ஆமைகளும் டொல்பின்களும் செத்து ஒதுங்கின. மீன்பிடி நிறுத்தப்பட்டது. 2025 ஜூலை 24 இல் உயர் நீதிமன்றம், கப்பலுக்குப் பொறுப்பானவர்கள் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாங்கள் அந்தக் கரையில் நின்றது அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு. அக்காவின் கையில் இருந்தவை அந்தக் கப்பலிலிருந்துதான் வந்தன என்று ஒவ்வொரு குருணிக்கும் நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வேறு எங்கிருந்து வர?

நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்: "2021 எண்டா, நீங்கள் எங்களுக்கு அந்தப் பசளை தந்த வருசமெல்லே?"

ஆம். அந்த வருடம்தான். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதே அந்தக் கேள்வியால்தான்.

2021 மே மாத ஆரம்பத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே நாளில் தடை செய்தது. கப்பல் எரிவதற்கு இரண்டு கிழமைக்கு முன். நாடு முழுவதும் சேதனப் பசளைக்குத் தட்டுப்பாடு. அவ்வளவு கூட்டெரு நாட்டில் இல்லை. யார் விற்றாலும் வாங்கினார்கள். கமக்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. நான் அப்போது வேலை செய்த திட்டத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்ட உதவி கொடுத்தோம். கூட்டெரு 50 கிலோ மூட்டைகளாக வந்து இறங்கியது. எந்த நகரத்துக் குப்பையில் செய்ததென்று பையில் எழுதியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெயர்ப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். சமூகவியல் படித்தவள் நான். பால்நிலை, வலுவூட்டல், பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதத் தெரியும். மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுப் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டு கிழமைக்குப் பின் அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். கத்தரிப் பாத்தியில் கரிய எருவுக்கு நடுவே நீலம், சிவப்பு, வெள்ளி நிறத்தில் துண்டுகள். ஷாம்பு சஷேயின் மூலை. பிஸ்கற் பைக்கற்றின் பளபளப்பு. லஞ்ச் சீற்றின் கிழிசல். கண்ணாடித் துண்டும் ஒன்று இருந்தது. அக்கா அன்று என்னைக் குறை சொல்லவில்லை. "கொழும்பு எங்கட வளவுக்குள்ள வந்திட்டுது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். பிறகு பாத்தியோரம் குந்தியிருந்து பொறுக்கத் தொடங்கினார். நானும் குந்தினேன். ஒரு மணித்தியாலத்தில் ஒரு தாச்சி நிறையப் பொறுக்கினோம். விரல் நகத்தை விடச் சின்னதை எங்களால் பொறுக்க முடியவில்லை.

பொறுக்க முடியாமல் விட்ட அந்தச் சின்னதற்குத்தான் விஞ்ஞானிகள் நுண்பிளாஸ்ரிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டெல்லாம் அதில் சேரும். கண்ணுக்கே தெரியாத தூள் வரைக்கும் போகும். பிரித்தானியாவின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தொம்சன் 2004 இல் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கினார். அவர் பேசியது கடலைப் பற்றி. ஏறத்தாழப் பத்து வருடங்கள் எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்ணைப் பற்றிய கேள்வி பிந்தித்தான் வந்தது. 2021 டிசம்பரில் ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, பயிர்ச்செய்கைக்கும் கால்நடை வளர்ப்புக்கும் மட்டும் உலகில் வருடத்துக்கு 1 கோடியே 25 இலட்சம் தொன் பிளாஸ்ரிக் பொருள்கள் பயன்படுகின்றன. கடலில் இருப்பதை விட மண்ணில்தான் நுண்பிளாஸ்ரிக் அதிகம் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

இவ்வளவும் எங்கிருந்து வருகிறது? பாத்திக்கு விரிக்கும் கறுப்புப் பொலித்தீன், நாற்றுப் பை, சொட்டு நீர்க் குழாய், வலை, உரப்பை. நகரக் குப்பையில் செய்த எரு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கழிவுநீரைச் சுத்திகரித்த பின் எஞ்சும் சேற்றை வயலுக்குப் போடுவார்கள். துணி தோய்க்கும்போது கழன்ற நூலிழைகள் அதற்குள் இருக்கும். அக்காவின் "யூரியா" பகிடியும் முழுக்கப் பகிடி அல்ல. ஜப்பானில் மெதுவாகக் கரைவதற்காகப் பிளாஸ்ரிக் தோல் பூசிய பசளையை நெல்வயலுக்குப் போடும் வழக்கம் உண்டு. பசளை கரைந்தபின் வெறும் தோல் வாய்க்கால் வழியே கடலுக்குப் போகிறது. 2030 க்குள் அந்தத் தோலைக் கைவிடுவதென்று அந்நாட்டு விவசாய அமைப்புகள் 2022 இல் அறிவித்தன.

ஆனால் வன்னி மண்ணுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது. அது எந்த அறிக்கையிலும் நான் வாசித்ததில்லை. அன்று பம்பலப்பிட்டிக் கற்களில் இருந்தபடி அக்கா சொன்னது.

அக்காவின் காணி மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற கிராமம் ஒன்றில் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றி முடிந்து அவர் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, பின்வளவில் இரண்டு பங்கர். மண்மூட்டைகள் அப்படியே அடுக்கியபடி. 2009 இல் உரப்பை கிடைக்காமல் போனபோது எங்கள் பெண்கள் சேலையைக் கிழித்துப் பை தைத்து மண் நிரப்பியதை இதை வாசிக்கிற பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் தைத்தேன். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வயது.

"பருத்திச் சேலையில தைச்சதெல்லாம் மண்ணோட மண்ணாப் போச்சு. நைலெக்ஸ் சேலை மட்டும் கரையும் பூவும் அப்பிடியே கிடந்தது. உரப்பை வேற மாதிரி. பாக்க முழுசா இருக்கும். கையை வைச்சா உமி மாதிரிக் கொட்டும்."

அக்கா சொன்னது இரசாயனவியல் புத்தகத்தில் உள்ளதுதான். உரப்பை பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கின் நாடாவில் நெய்தது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதன் இழையை அறுத்துவிடும். வெயில் பட்டபடி விட்டால் சில மாதங்களிலேயே நைந்துபோகும். நைவதை நாங்கள் உக்குவதென்று நினைக்கிறோம். வாழையிலை உக்கினால் மண்புழு அதைத் தின்று மண்ணாக்கும். உரப்பை நைந்தால் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பல்லாயிரம் சின்னப் பிளாஸ்ரிக் ஆகிறது. நைலெக்ஸ் சேலையும் பிளாஸ்ரிக் நூல்தான். மண்ணுக்குள் வெயில் படாத இடத்தில் இருந்ததால் பூவோடு மிஞ்சியது.

தறப்பாளும் அப்படியே. மெனிக் பாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். 2012 செப்டெம்பரில் அதை மூடும் வரைக்கும் ஒவ்வொரு தொகுதியாக ஊருக்கு வந்தவர்கள் தறப்பாளையும் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் கூரை அதுதான். வீட்டுத்திட்டம் வந்தபின் அது மாட்டுக்கொட்டிலுக்குப் போனது, பிறகு நெல் காயவைக்க, பிறகு வேலிக்கு. கடைசியில் கிழிந்து கொடியாய் வளவெல்லாம் பறந்தது. அதை எறிய எவருக்கும் மனம் வரவில்லை. அது எங்களை மழையிலிருந்து காத்த பொருள். குப்பை என்று சொல்ல வாய் வராது.

பிறகு உழவு இயந்திரம் வந்தது. சுழல் கலப்பை போட்டு வளவைப் பிரட்டியபோது மண்மூட்டை, தறப்பாள், நைலெக்ஸ் எல்லாம் அரைபட்டு மண்ணுக்குள் போயின. முழுசாய் இருந்தபோது அரை நாளில் ஒருவர் பொறுக்கியிருக்கலாம். நாலாயிரம் ரூபா உழவுக் கூலி கொடுத்துத் தன் கையாலேயே அதைத் தூளாக்கியதாக அக்கா சொன்னார்.

மண்ணுக்குள் இருந்து அது என்ன செய்கிறது? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் 2016 இல் வெளிவந்த ஆய்வொன்றில் பொலித்தீன் தூள் கலந்த உக்கலை மண்புழுக்களுக்கு 60 நாள் உணவாகக் கொடுத்தார்கள். தூள் கூடக்கூட வளர்ச்சி குன்றியது, இறப்பும் கூடியது. புழு அந்தத் தூளைத் தன் வளை வழியே கீழே இழுத்துக்கொண்டு போகும் என்பதையும் கண்டார்கள். ஜேர்மனியில் 2019 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு வெங்காயத்தாள் வளர்த்துப் பார்த்தது. ஆறு விதமான பிளாஸ்ரிக்குகளை வெவ்வேறாக மண்ணில் கலந்தார்கள். மண்ணின் இறுக்கம், நீர் பிடிக்கும் தன்மை, வேரின் அளவு எல்லாம் மாறின. சில பிளாஸ்ரிக் வேரைக் கூட்டியது, சில குறைத்தது. ஒரே மாதிரிக் கெடுதல் என்று சொல்ல முடியாது. 2020 இல் சீன ஆய்வாளர்கள், கோதுமையிலும் சலாதுக் கீரையிலும் பக்கவேர் முளைக்கும் வெடிப்பு வழியே மிக நுண்ணிய துகள் செடிக்குள் போவதைக் காட்டினார்கள். 2021 இல் இத்தாலியில் ஆறு தாய்மாரின் நச்சுக்கொடியைப் பரிசோதித்ததில் நான்கில் நுண்பிளாஸ்ரிக் கண்டார்கள். அது தாயையும் பிள்ளையையும் என்ன செய்யும் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே பயந்து கத்தரிக்காயை எறியாதீர்கள். கத்தரிக்காயைச் சாப்பிடுவதால் வரும் நன்மை எங்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அக்காவுக்கு இந்த ஆய்வுகளில் ஒன்றுதான் பிடித்தது. மண்புழு ஆய்வு. "அதை முதலே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன். அந்தப் பாத்தியில இப்பவும் புழு குறைவு" என்றார். அதற்கு அந்த எருதான் காரணமா, வேறு ஏதாவதா என்று அளந்து பார்க்க எங்களிடம் வழி இல்லை.

அடுத்த நாள் காலை கண்காட்சிக்கு முன் அக்காவோடு காலி வீதியில் நடந்தேன். குப்பை வண்டி நின்றது. கொழும்பில் உக்குவதையும் உக்காததையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாடியிலிருந்து வந்த பை ஒன்றைத் தொழிலாளி ஒருவர் எங்கள் முன்னே அவிழ்த்தார். சோறு, தேங்காய்த் துருவல், குழந்தையின் பம்பர்ஸ், மருந்துப் போத்தல் எல்லாம் ஒன்றாய். அவர் வெறுங்கையால் போத்தலை மட்டும் எடுத்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்கள் செய்யிற வேலையைத்தான் இவரும் செய்யிறார்" என்றார்.

இந்த நகரத்தின் குப்பைக்கு ஒரு நீண்ட கதை உண்டு. முன்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் புளுமெண்டால் மேட்டில் கொட்டினார்கள். 2009 இல் அது நிற்க, மீதொட்டமுல்லையில் கொட்டினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். லஞ்ச் சீற் தடையெல்லாம் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் வந்தது. இப்போது கொழும்புக் குப்பையில் பெரும்பகுதி கெரவலப்பிட்டிக்குப் போகிறது. அங்கே 2021 இல் திறந்த ஆலையில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மற்ற நகரங்களிலும் பிரதேச சபைகளிலும் 2008 இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை தொடங்கிய பிலிசரு திட்டத்தில் கட்டிய கூட்டெரு முற்றங்கள் இருக்கின்றன. நல்ல திட்டம்தான். ஆனால் வீட்டில் பிரிக்காத குப்பையை முற்றத்தில் எத்தனை தடவை அரித்தாலும் அரிதட்டின் கண்ணை விடச் சின்னது எருவோடுதான் போகும். பிரிக்கிற இடம் சமையலறை. பம்பலப்பிட்டியிலும் சரி, எங்கள் ஊரிலும் சரி, அங்கே நிற்பது பெரும்பாலும் பெண். ஆனால் பைக்கற் செய்கிற கொம்பனியையும் வாங்குகிற சபையையும் விட்டுவிட்டு எல்லாப் பாரத்தையும் அவள் தலையில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டங்களும் ஒவ்வொன்றாக வருகின்றன. 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டு, ஸ்ட்ரோ, ஒருதடவைப் பாவனைக் கோப்பை, கரண்டி எல்லாம் தடை. பிளாஸ்ரிக் மாலையும் அதில் அடங்கும். கதிரேசன் கோயில் வாசலில் அன்று பூமாலைதான் விற்றார்கள். அக்கா ஒரு மாலை வாங்கினார். வாழைநாரில் கட்டியதா என்று திருப்பிப் பார்த்தார். நைலோன் நூல். விற்றவருக்கு அக்கா சொன்னது விளங்கவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை, அவருக்கு வியாபார நேரம்.

அன்று இரவு வெள்ளவத்தையில் யாழ்ப்பாண பஸ் ஏறினோம். பொருள்களில் முக்கால்வாசி விற்றுவிட்டன. பஸ்ஸில் அக்கா பக்கத்து இருக்கையில் இருந்து கைலேஞ்சியை அவிழ்த்துக் காட்டினார். அந்த வெள்ளைக் குருணிகள், ஒரு பிடி. "சங்கத்தில காட்டப் போறன்" என்றார்.

காட்டினார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தட்டில் யூரியாவையும் மற்றத் தட்டில் அதையும் வைத்து எது எது என்று கேட்டாராம். பாதிப்பேர் பிழையாகச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அந்த ஊரில் சில காரியங்கள் நடக்கின்றன. பெரும்போகத்துக்கு உழவு பிடிக்க முன் வளவில் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து பொறுக்குகிறார்கள், கைமாற்று வேலை போல, இன்று ஒரு வளவு, நாளை இன்னொன்று. மிளகாய்ப் பாத்திக்கு நாங்கள் முன்பு கொடுத்த கறுப்புப் பொலித்தீன் கிழிய முன் சுருட்டி எடுக்கப்பட்டது. அதற்குப் பதில் வைக்கோலும் கிளிரிசிடியா இலையும். கறையான் வருகிறது என்று ஒருவர் முறைப்பாடு சொன்னார், வேப்பங்கொட்டையை இடித்துத் தூவிப் பார்க்கிறார்கள். நாற்றுக்குச் சிரட்டையும் வாழைமடலும். எரு சொந்தச் சாணமும் சமையல் கழிவும்தான். வெளியில் வாங்கினால் மூட்டையை அவிழ்த்து ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடியைப் போட்டுக் கலக்கிப் பார்க்கிறார்கள், பொலித்தீன் துண்டு பெரும்பாலும் மிதந்து மேலே வரும். இது பள்ளிக்கூடம் போகிற அக்காவின் பேத்தி சொன்ன யோசனை. வெறும் உரப்பையை வேலியில் தொங்கவிடாமல் நிழலில் மடித்து வைக்கிறார்கள்.

எரிப்பதையும் நிறுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்ரிக்கை முற்றத்தில் எரித்தால் வரும் புகை நச்சு. கிட்ட நின்று கிளறுகிறவள் அதை முதலில் சுவாசிக்கிறாள். சாம்பலோடு எரியாத துண்டும் மறுபடி தோட்டத்துக்கே வருகிறது. ஆனால் எரிப்பதை நிறுத்தியதும் வேறொரு பிரச்சினை வந்தது. பொறுக்கியதை எங்கே கொடுப்பது?

போன தைமாதம் அக்காவிடம் போனேன். வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று உரப்பை நிறையப் பொறுக்கிய துண்டுகள் கட்டி வைத்திருந்தார். தறப்பாள் கிழிசல், பழைய சஷே, நைலெக்ஸ் கரைத் துண்டு ஒன்று. அந்தக் கைலேஞ்சி முடிச்சும் ஒரு பையின் வாயில் கட்டியிருந்தது. உள்ளூராட்சிக் குப்பை உழவு இயந்திரம் பிரதான வீதியோடு திரும்பிவிடுகிறது. உள்ளே வர டீசல் கணக்கில் இல்லையாம். சங்கத்தால் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள், இரண்டாவது கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். பழைய பொலித்தீன் வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, மண் ஒட்டிய துண்டை எடுக்கமாட்டேன் என்று போய்விட்டார்.

"வெயில் படாமல் வைச்சிருக்கிறன்" என்றார் அக்கா. "பட்டா இதுவும் உமியாப் போயிடும்." மாரி மழைக்குச் சாரல் அடிக்கிற பக்கமாய் இருந்த மூன்றாவது பையை நாங்கள் இருவரும் பிடித்து உட்பக்கமாக இழுத்து வைத்தோம்.